பை மாறவில்லை, கல்தான் மாறியிருந்தது

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஏழு எண்கள் என் மேசைக்கு வந்தன. 37, 38, 37, 41, 46, 47, 29. தென்னாப்பிரிக்காவின் வட கேப் மாகாணத்தில், ஹொட்டாஸெல் பக்கத்தில் இருக்கும் ஒரு நிலத்தடிச் சுரங்கத்திலிருந்து அனுப்பிய மாதிரிகளின் மாங்கனீசு சதவீதம் அது. ஒரே சுரங்கப்பாதை, ஒரே தாதுப் படுகை, பத்து மீட்டருக்கு ஒன்றாக வரிசையாக வெட்டி எடுத்த ஏழு பைகள். நான் ஜொகன்னஸ்பர்க்கில் தாதுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேதியியலாளன். கல் எங்களிடம் தூளாக வரும், எண்ணாகத் திரும்பிப் போகும். பதினொரு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கடலடியில் படிந்த தாது அறுபது மீட்டருக்குள் இப்படி ஏறி இறங்காது என்பது எனக்கு அப்போது ரொம்ப நிச்சயமாக இருந்தது. கருவியைச் சரிபார்த்தேன். அளவு தெரிந்த தூளை ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது. ஏழு மாதிரிகளையும் மறுபடி ஓட்டினேன், அதே எண்கள். அப்படியானால் பைதான் மாறியிருக்க வேண்டும். "கடைசி நான்கு பைகள் வேறு இடத்துப் பைகளோடு கலந்துவிட்டன, மாதிரி எடுத்தவரின் கவனக்குறைவு" என்று எழுதி அனுப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் ஒரு தொலைபேசி அழைப்பு. மாதிரி எடுக்கும் குழுவின் மேற்பார்வையாளர். டர்பனில் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவர், ஐந்தாம் தலைமுறைத் தமிழர். ஆயாவிடம் கற்ற தமிழ் அவருக்கு இன்னும் பேச்சில் இருந்தது. என் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழில் ஆரம்பித்தார். எனக்கு அவர் அறிமுகமில்லை. என் மின்னஞ்சலால் அவர் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் ஏறியிருந்ததும் எனக்குத் தெரியாது. கோபமே இல்லாமல் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, பை மாறலே. கல்லு மாறிச்சு. நீ வந்து பாரு."

அந்த மூன்று வாக்கியங்கள் என்னை விடவே இல்லை. பத்து நாள் கழித்து, மேலாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

கண் வழியாக

ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து ஹொட்டாஸெலுக்குக் கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர். புல்வெளி மெல்ல முள்மரக் காடாகி, பிறகு சிவப்பு மணலாகிறது. வழியில் குருமான் என்ற ஊர். அங்கே டோலமைட் பாறைக்கு அடியிலிருந்து ஒரு ஊற்று பொங்குகிறது, 'கண்' என்றே அதற்குப் பெயர். பாலைவனத்தின் விளிம்பில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 கோடி லிட்டர் தெளிந்த நீர். அண்ணா என்னை அங்கேதான் சந்தித்தார். அண்ணா என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். அறுபதை நெருங்கும் வயது, கையில் தெர்மாஸ் பிளாஸ்கில் டீ, டிபன் டப்பாவில் அக்கா கொடுத்தனுப்பிய பருப்பு ரொட்டி. குளத்தங்கரையில் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது, "முதல்ல கல்லைப் பாரு தம்பி, அப்புறம் பேசலாம்" என்று கையை அமர்த்தினார். தண்ணீரைக் காட்டி, "இதுவும் கல்லுக்குள்ள நடந்துதான் வருது" என்றார். அப்போது அதை ஒரு பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுரங்கத்துக்குள் இறங்கினோம். பாதையின் சுவரெல்லாம் தூசி படிந்து ஒரே சாம்பல் நிறமாக இருந்தது. அண்ணா ஒரு குழாயை இழுத்துவந்து சுவரைக் கழுவினார். தலைவிளக்கு வெளிச்சத்தில் படுகை தெரிந்தது: சாக்லேட் நிறம், தலைமுடி கனத்தில் அடுக்கடுக்காகக் கோடுகள், நடுநடுவே அரிசிமணி மாதிரி வெளிறிய புள்ளிகள். "இது உன் முப்பத்தேழு." பத்து எட்டு நடந்து மறுபடி கழுவினார். அதே கோடுகள், அதே புள்ளிகள். மூன்றாவது இடமும் அப்படியே. நான்காவது இடத்தில் புள்ளிகள் குறைந்திருந்தன. இருந்தவையும் ஓரம் கரைந்து தெளிவில்லாமல் இருந்தன. ஐந்தாவது இடத்தில் தண்ணீர் பட்டதும் சுவர் மின்னியது. புள்ளி ஒன்றுகூட இல்லை. கறுப்பு, கரடுமுரடான படிகங்கள், உடைத்த பனங்கற்கண்டு போலப் பளபளக்கும் முகங்கள். படுகையின் கனமும் குறைந்திருந்தது. ஆனால் கோடுகள் மட்டும் அறுபடவில்லை. நான் ஒரு கோட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு முப்பத்தேழிலிருந்து நாற்பத்தாறுக்கு நடந்தேன். விரல் ஒரு இடத்திலும் வழுக்கவில்லை. பை மாறியிருந்தால் இந்தக் கோடு எங்கேயாவது நின்றிருக்க வேண்டும்.

கடைசியாக அவர் கழுவிய இடத்தில் சுவர் செக்கச்செவேல் என்று இருந்தது. அதை ஒட்டிக் கூரையிலிருந்து தரைவரை செங்குத்தாக ஒரு பிளவு, உள்ளே வெள்ளைக் கால்சைட் நரம்பு. பிளவுக்கு அந்தப்புறம் படுகை ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியிருந்தது. "இருபத்தொம்பது இங்க" என்றார். "இங்க இரும்பு. இந்த வெடிப்பு வழியா ஏதோ வந்துருக்கு தம்பி. முப்பது வருசமா பாக்குறேன். வெடிப்புகிட்ட போனா எப்பவும் இப்படித்தான்." பிறகு இரண்டு கற்களை என் இரண்டு உள்ளங்கைகளில் வைத்தார், ஒரே அளவு. இடது கையில் பழுப்புக் கல், வலது கையில் கறுப்புக் கல். வலது கை தானாகத் தாழ்ந்தது.

என் காகிதத்திலேயே இருந்தது

அன்று இரவு விடுதி அறையில் அந்த ஏழு மாதிரிகளின் முழு அறிக்கையையும் விரித்துப் பார்த்தேன். மாங்கனீசுக்கு அடுத்த பத்திகளை நான் சரியாகப் படித்திருக்கவே இல்லை. சூளையில் சூடேற்றினால் கல் எவ்வளவு எடை இழக்கிறது என்று ஒரு பத்தி உண்டு. கார்பனேட் இருக்கும் கல்லில் அது பெரும்பாலும் வெளியேறும் கரியமில வாயுவின் கணக்கு. முதல் மூன்று மாதிரிகளில் அது 16 சதவீதம். நான்காவதில் 9. ஐந்தாவதிலும் ஆறாவதிலும் 3-க்குக் கீழே. படிப்படியாக இறங்கும் ஒரு வரிசை. பைகள் கலந்திருந்தால் இவ்வளவு ஒழுங்கான படிக்கட்டு எங்கிருந்து வரும்? கடைசி மாதிரியில் இரும்பு பல மடங்கு ஏறியிருந்தது, சிவப்புச் சுவர் சொன்ன அதே செய்தி. அண்ணா குழாயால் கழுவிக் காட்டிய அத்தனையும் என் கையெழுத்துப் போட்ட காகிதத்திலேயே இருந்தது.

கணக்கு எளிதானது. 100 கிலோ பழுப்புக் கல்லில் 37 கிலோ மாங்கனீசு. அதிலிருந்து 16 கிலோ கரியமில வாயு போனால் மிச்சம் 84 கிலோ. மாங்கனீசு அதே 37 கிலோதான், ஆனால் 84-இல் 37 என்பது 44 சதவீதம். கார்பனேட்டோடு சேர்ந்து கொஞ்சம் சுண்ணாம்பும் கொஞ்சம் சிலிக்காவும் வெளியேறியிருந்தால் 46, 47 ஆகிவிடும். வெளியிலிருந்து ஒரு பிடி மாங்கனீசுகூட வர வேண்டியதில்லை. படுகை ஏன் மெலிந்தது, கல் ஏன் கனத்தது, புள்ளிகள் எங்கே போயின, எல்லாவற்றுக்கும் ஒரே பதில். அந்தப் புள்ளிகள்தான் கார்பனேட். சூடான நீர் அவற்றைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

இதை மறுநாள் அண்ணாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. அவருடைய பூட்டனார் நேட்டாலில் கரும்பு ஆலையில் அடுப்புப் பார்த்தவராம். "சாறு காய்ச்சுற மாதிரிதானே? தண்ணி போச்சுன்னா சர்க்கரை கூடுன மாதிரி தெரியும். சர்க்கரை எங்க கூடுச்சு?" என்றார். நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளில் இதைவிடத் தெளிவாக யாரும் எழுதவில்லை.

கட்டுரைகள் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. திரும்பி வந்ததும் தேடித் தேடிப் படித்தேன். ஜென்ஸ் குட்ஸ்மர், நிக்கோலாஸ் பியூக்கஸ் என்ற புவியியலாளர்கள் 1995-இலேயே இந்தக் கலஹாரி மாங்கனீசு வயலைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். பழுப்பு நிறத் தாதுவுக்கு மமட்வான் வகை என்றும், கறுப்புத் தாதுவுக்கு வெஸ்ஸல்ஸ் வகை என்றும் பெயர், இரண்டும் அங்குள்ள சுரங்கங்களின் பெயர்கள். வயலின் தாதுவில் மிகப் பெரும்பகுதி மமட்வான் வகை; சில சதவீதம் மட்டுமே வெஸ்ஸல்ஸ் வகை, அதுவும் வடக்கு தெற்காக ஓடும் பிளவுகளை ஒட்டி. அந்த விலையுயர்ந்த சில சதவீதத்தோடுதான் உலக அருங்காட்சியகங்களில் இருக்கும் ஊதா நிறச் சுகிலைட்டும், 1970-களின் இறுதியில் கிடைத்த ரத்தச் சிவப்பு ரோடோக்ரோசைட் படிகங்களும் வந்தன. இன்னொரு செய்தியைப் படித்தபோது சிறிது நேரம் எழுந்து நடந்தேன். மமட்வான் சுரங்கத்தில் ஒரு சூளை ஆலை கட்டினார்கள். பழுப்புத் தாதுவைச் சுட்டு, கரியமில வாயுவை விரட்டி, 37 சதவீதத்தை 44 ஆக்கினார்கள். வெந்நீர் பூமிக்கடியில் செய்த கணக்கும், என் விடுதி அறைக் கணக்கும், ஆலைக் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

இரண்டாவது தேதி

ஆனால் என்னை அதிகம் பிடித்து ஆட்டியது கால இடைவெளிதான். அந்தப் படுகை கடலடியில் படிந்தது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, காற்றில் ஆக்சிஜன் முதன்முதலாகத் தலைகாட்டிய காலத்தையொட்டி. வெந்நீர் வந்ததோ அதற்கு 100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. இன்றிலிருந்து பின்னோக்கிப் போனால் டைனோசர்களின் கதை முழுவதும் 25 கோடி ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அதைப்போல நான்கு மடங்குக்கும் அதிக காலம் அந்தக் கல் இறுகி, புதைந்து, எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிலையில் கிடந்திருக்கிறது. அப்புறம் நிலம் வெடித்தது, வழி கிடைத்தது, நீர் வந்தது.

நான் கல்லூரியில் படித்தது "தாது உருவானது" என்ற ஒற்றை வினைச்சொல். படிந்தது, உருவானது, முற்றுப்புள்ளி. நான் பைகளைச் சந்தேகித்ததற்கு அடியில் இருந்தது அந்த வினைச்சொல்தான். படிவுப் பாறையைக் கட்டி முடித்த சுவராக நினைத்திருந்தேன். உண்மையில் அது கடற்பஞ்சு. மணலுக்கும் மணலுக்கும் நடுவே, சேற்றுத் துகள்களுக்கு இடையே, எப்போதும் நீர் இருக்கிறது. மேலே மேலே வண்டல் சேரச் சேர, அடியில் இருப்பது பிழிபடுகிறது. பிழிந்த நீர் ஆழத்தில் சூடாகிறது, உப்பைக் கரைத்துக்கொள்கிறது, மலை எழும்பும் பக்கத்திலிருந்து தள்ளப்பட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கிறது. கடல்நீரில் உப்பு 3.5 சதவீதம், ஈயமும் துத்தநாகமும் சுமந்த இப்படிப்பட்ட நீரில் 10 முதல் 30 சதவீதம் வரை இருக்கும், வெப்பம் 75 முதல் 200 டிகிரி வரை. உப்பில் இருக்கும் குளோரைடு உலோகத்தைக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது. கந்தகம் காத்திருக்கும் ஓர் இடம் வந்ததும் உலோகம் குளோரைடின் கையை விட்டுவிட்டுக் கந்தகத்தோடு சேர்ந்து கல்லாகி நின்றுவிடுகிறது. குருமானுக்குக் கிழக்கே, ரைவிலோ அருகில் உள்ள பெரிங் சுரங்கத்தில் டோலமைட்டுக்குள் துத்தநாகமும் ஈயமும் அப்படித்தான் சேர்ந்தன. நீர் சுமந்து வருவது கொஞ்சமே கொஞ்சம் உலோகம். ஆகவே கடல் கடலாக நீர் ஓடியிருக்க வேண்டும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே நீர் ஊரக் கல் தேய்ந்தது மட்டுமல்ல, கல் வேறொன்றாகவே ஆகிவிட்டது.

அந்த நீர் சாட்சியும் விட்டுவைத்திருக்கிறது. படிகம் வளரும்போது அதன் குறைகளில் ஒரு சொட்டு நீர் மாட்டிக்கொள்ளும், மயிரிழையைவிடச் சிறிய அறை. கல்லுக்குள் தேரை என்போமே, அப்படி. ஹென்றி கிளிஃப்டன் சார்பி என்ற ஆங்கிலேயர் 1858-இலேயே இந்தச் சொட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். சொட்டுக்குள் ஒரு குமிழி இருக்கும். படிகத்தைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு வெப்பத்தில் குமிழி மறையும். நீர் அடைபட்டபோது குறைந்தபட்சம் அவ்வளவு சூடு இருந்தது என்று பொருள். உறைய வைத்து உருக்கினால் எவ்வளவு உப்பு என்று தெரியும். ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் நண்பர் ஒருவர் இதை எனக்குக் காட்டினார். குமிழி சுருங்கிச் சுருங்கி, ஒரு கணம் நடுங்கி, இல்லாமல் போனது. மேசையைவிட்டு எழ எனக்கு மனமே வரவில்லை.

சேலத்தில் என் வீட்டிலிருந்து பார்த்தாலே வெள்ளைக்கல் கரடு தெரியும். அப்பா அந்தச் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். கறுத்த பச்சைப் பாறைக்குள் மல்லிகைக் கொடி படர்ந்த மாதிரி வெள்ளை நரம்புகள். கரியமில வாயு கலந்த நீர் பாறைக்குள் நடந்து, அதிலிருந்த மெக்னீசியத்தை மேக்னசைட்டாக மாற்றிய தடம் அது. சிறுவனாக அந்தக் கற்களை வைத்துத் தரையில் எழுதி விளையாடியிருக்கிறேன். அது படிவுப் பாறை இல்லை, கதையும் வேறு. ஆனால் நீர் நடந்த தடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன், நாற்பது வயதில் அதே தடத்தைப் பார்த்துப் பை மாறிவிட்டது என்று எழுதியதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆறா, வெந்நீரா?

போன தைப்பூசக் காவடிக்கு மறுநாள் லெனேஷியாவில் ஒரு நண்பர் வீட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தோம். பேச்சு தங்கத்துக்கு வந்தது. ஜொகன்னஸ்பர்க்கில் வராமல் இருக்குமா. 1886-இல் லாங்லாக்டேயில் கண்டுபிடித்த கூழாங்கல் பாறையின் மேல்தானே இந்த ஊரே இருக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர், "ஆறு அடித்துக்கொண்டு வந்த தங்கம், அவ்வளவுதான்" என்றார். சுரங்கப் பொறியாளரான இளைஞர் ஒருவர், "இல்லை ஐயா, வெந்நீர் கொண்டுவந்தது" என்றார். இந்தச் சண்டைக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1930-இல் கிராட்டன் என்ற அமெரிக்கர் வெந்நீர்க் கட்சியை ஓங்கிப் பேசினார். 2002-இல் ரீனியம், ஆஸ்மியம் என்ற உலோகங்களின் அளவுகளை வைத்துத் தங்கத்துக்கே வயது கணித்தபோது சுமார் 303 கோடி ஆண்டுகள் என்று வந்தது. தங்கம் இருக்கும் படுகையைவிடத் தங்கம் மூத்தது. ஆகவே எங்கிருந்தோ உருண்டுதான் வந்திருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால் அதே தங்கம் உருண்டையாக இல்லை. வெடிப்புகளில் புகுந்து, குளோரைட் என்ற பச்சைக் கனிமத்தோடும் இறுகிய கரியோடும் பின்னிக் கிடக்கிறது. அந்தப் பாறை 350 டிகிரிவரை சூடேறியதற்கும் தடயம் உண்டு. இன்று பலர் ஏற்பது, ஆறு கொண்டுவந்து சேர்த்தது, பின்னால் வந்த வெந்நீர் அதைக் கரைத்துப் பக்கத்திலேயே மறுபடி படிய வைத்தது என்பதுதான்.

நான் அன்று பேசவில்லை. என் மனதில் அண்ணாவின் சுவர் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டின்மேல் விரலை வைத்து நடந்தபோது என் விரலுக்கடியில் இருந்தது கடல் போட்ட கோடு. கோட்டுக்குள் இருந்த படிகம் வெந்நீர் போட்டது. ஐயாவும் அந்தத் தம்பியும் ஒரே கல்லின் இரண்டு தேதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் தேதிக்கு நாம் பிறந்தநாள் கொண்டாடுகிறோம், இரண்டாவதைச் சில்லறைத் திருத்தமாக ஒதுக்குகிறோம். சுரங்கத்தில் பணம் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது தேதிதான் என்பது என் உறுதியான கருத்து. கலஹாரியைப் பொறுத்தவரை அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த நீர் முழுக்கப் போய்விடவும் இல்லை. இதே தங்கப் படுகைகளில், மோவாப் கோட்சோங் சுரங்கத்தில், சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் வெடிப்புகளிலிருந்து ஒழுகும் உப்புநீரை ஆராய்ந்து, அதில் கரைந்திருக்கும் கிரிப்டான் போன்ற வாயுக்களைக் கொண்டு 120 கோடி ஆண்டுகள் பழையது என்று 2022-இல் வெளியிட்டார்கள். கலஹாரியின் வெந்நீருக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் கிட்டத்தட்ட அந்தக் காலத்து நீர் இன்னும் ஈரமாகவே, தொடக்கூடியதாக, நம் காலடியில் இருக்கிறது. அதைப் படித்த அன்று அண்ணாவை அழைத்துச் சொன்னேன். "குருமான் கண்ணுக்கு அது கொள்ளுத் தாத்தா" என்றார்.

ஊர் திரும்பிய வாரமே என் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்று எழுதினேன். அவருடைய கோப்பிலிருந்து அந்த எச்சரிக்கையை எடுக்க நான்கு மாதமும் ஆறு கடிதங்களும் ஆயின. ஒரு மின்னஞ்சல் எழுத எனக்கு நான்கு நிமிடம் ஆகியிருந்தது. பிறகு மாதிரிப் பைகளோடு வரும் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்: மாதிரி எடுத்தவர் கண்ணால் பார்த்தது என்ன? முதலில் வேண்டாம் என்றார்கள், எண்கள் போதும் என்றார்கள். விடாமல் கேட்டேன். போன மார்ச்சில்தான் புதிய படிவம் வந்தது. அண்ணா ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அவர் குழுவிலிருந்து வந்த முதல் படிவத்தில், அந்தக் கட்டத்துக்குள், ஆங்கிலக் குறிப்புக்குக் கீழே பென்சிலில் தமிழ் எழுத்துகள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஐம்பது வருடத்துக்கு முன்னால் படித்த எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக, பெரிதாக: "புல்லி இல்லை. வெடிப்பு 4 மீட்டர்." புள்ளியைத்தான் அப்படி எழுதியிருந்தார். சூளைப் பத்தியைப் பார்த்தேன். 2.6.